மஞ்சள் மலை ஆட்டம்

சாமிநாதன் குனிந்து பிளக்கில் கை வைத்ததும், "மாமா, அத புடுங்காதீங்க!" என்று ஷோபா கத்தினாள்.

காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் ஃப்ரீசர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற இரண்டு பேரும், அதை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார்கள். நடுவில் பெஞ்சின் மேல், கழுத்துவரை வேட்டி போர்த்தி, அவள் புருஷன் உத்தமன் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டன் வாங்கப் பையோடு போனவன் கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். பையை யாரோ மடித்து, அவன் தலைமாட்டிலேயே வைத்திருந்தார்கள்.

"இன்னாம்மா ஷோபா, பெட்டிக்கு கரண்ட் வேணாமா? வெயில் ஏறுது பாரு," என்றார் சாமிநாதன். உத்தமனின் அண்ணன். தம்பியைப் பார்த்து அழக்கூட நேரமில்லாமல் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தார்.

"வேற எதுலனா சொருகுங்க மாமா. அதுல சிவப்பு எரியுது."

வேறு எதில் சொருகுவது? மர்பி டவுனில் அந்த வீட்டுக் கூடத்துக்கு இருந்தது ஒரே பிளக் பாயிண்ட். டிவி ஒயரைக் கழற்றிவிட்டு உத்தமன் அதில் தன் பழைய லேப்டாப்பைச் சொருகியிருந்தான். பேட்டரி எப்போதோ செத்துப்போன லேப்டாப். கரண்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும். அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் கிளம்பி, சோப்பு டப்பா அளவில் இருந்த வீடியோ கேம் பெட்டிக்குள் போனது. பெட்டியின் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம். லேப்டாப் திரை கறுத்துக் கிடந்தது. தட்டினால் பாஸ்வேர்ட் கேட்கும். பாஸ்வேர்ட் தெரிந்தவன் பெஞ்சில் படுத்திருந்தான்.

"எக்ஸ்டென்ஷன் போட்டுக்கலாமே," என்றார் சாமிநாதன், பெட்டிக்காரனிடம்.

"எக்ஸ்டென்ஷன் பேடா சார், சுட்டு ஹோகுத்தே, கருகிடும். டைரக்ட் பாயிண்ட்தான் வேணும்," என்றான் அவன், கன்னடமும் தமிழுமாக.

எல்லாரும் ஷோபாவைப் பார்த்தார்கள். ஷோபா அந்தச் சிவப்பைப் பார்த்தாள். தான் செய்வது சரியா என்று அவளுக்கே தெரியவில்லை. கையை மட்டும் டிவி மேஜையின் குறுக்கே நீட்டி வைத்திருந்தாள்.

அந்த டப்பா வீட்டுக்கு வந்ததே ஒரு கதை. உத்தமன் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போன ஆபீசர் ஒருவர் வேண்டாத சாமான்களை அள்ளிக் கொடுத்ததில் அதுவும் வந்தது. முன்னொரு காலத்தில் கேசட் செருகி ஆடிய பெட்டியின் குட்டி. இதற்குக் கேசட் கிடையாது. முப்பது ஆட்டம் உள்ளேயே இருந்தது. முப்பதையும் ஆடி முடித்தவன் சும்மா இருப்பானா? லேப்டாப்பை மாட்டி வேறு ஆட்டங்களையும் உள்ளே ஏற்றலாம் என்று செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டான். முதல் தடவை அவசரப்பட்டு ஒயரைப் பிடுங்கியதில் டப்பா மூச்சுப் பேச்சில்லாமல் போய்விட்டது. அதைப் பிழைக்க வைப்பதற்குள் அவனுக்குப் பாதி உயிர் போனது.

"சிவப்பு எரியுறப்ப தொடக்கூடாது ஷோபா. உள்ள எழுதிக்கினு இருக்கும். பாதியில நின்னுச்சுன்னா அது டப்பா இல்ல, செங்கல்லு. பச்ச ஆனப்புறம்தான் கை வெக்கணும்." இதை அவன் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்கள் இருவருக்கும் அந்த ஆட்டம்தான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் வேறென்ன சத்தம் இருக்கும்? ஒருநாள் பேச்சுவாக்கில் ஷோபா சொல்லியிருந்தாள், சின்ன வயசில் சந்தாபுராவில் மாமா வீட்டில் ஒரு ஆட்டம் பார்த்ததாக. பேர் தெரியாது. மஞ்சளாக ஒரு மலை, அதில் ஏணி. கூடையோடு ஒரு தொப்பைக்காரன் ஏறுவான். மேலே ஒரு வாத்து உட்கார்ந்துகொண்டு அவன் தலையில் முட்டை போடும். மாமா பசங்கள் அவள் கையில் ரிமோட்டைக் கொடுக்கவே மாட்டார்கள். மூலையில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி.

"அத கண்டுபுடிக்காம வுடறதில்ல," என்று கிளம்பிவிட்டான் உத்தமன். அன்றுமுதல் வாரத்துக்கு ஒரு கட்டு ஆட்டம் ஏற்றுவான். ஒவ்வொன்றாகப் போட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். "இதுவா?" "இல்ல." அழிப்பான். "இதுவா?" "இல்லீங்க, அதுல மலை மஞ்சளா இருக்கும்." டப்பாவில் இடம் குறைச்சல் என்பதால் இல்லை என்றதையெல்லாம் அழித்துவிட்டு, அடுத்த வாரம் புதுசு.

போன வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு அடுத்த ஞாயிறு, அந்த மஞ்சள் மலை வந்தேவிட்டது. அதே தொப்பை. அதே வாத்து. ஷோபா திரும்பினாள். உத்தமன் தோளோடு தோள் இடிக்கச் சாய்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவன் அப்படிக் காத்திருந்ததில்லை. ஆமாம் என்றால் தேடல் முடிந்துவிடும். மறுபடியும் அவன் சாப்பிட்டுத் தூங்குகிற ஞாயிற்றுக்கிழமைகள் வந்துவிடும்.

"இல்ல," என்று சொல்லிவிட்டாள்.

ஒரு நிமிஷம் அவளையே பார்த்துவிட்டு அழித்தான். அடுத்த வாரம் வழக்கம்போல "இதுவா?" என்று ஆரம்பித்தான்.

இன்று காலை பையை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டும்போது சொன்னான்: "கெடச்சிடுச்சு ஷோபா. ஏத்திக்கினு இருக்கேன். சாயங்காலம் காட்டுறேன், அதுவரைக்கும் தொடாத." சிரித்தான் என்றுதான் நினைக்கிறாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சரியாகப் பார்க்கவில்லை.

என்ன கிடைத்தது? அவள்தான் அதை ஏற்கெனவே இல்லை என்று தள்ளிவிட்டாளே! அப்படியானால் இப்போது அவனுக்குக் கிடைத்தது எது? ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசும்போதும், ஆட்டோவில் அவன் தலை அவள் மடியில் ஆடி ஆடி வரும்போதும், இந்தக் கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. புருஷன் செத்த அன்று நினைக்கிற நினைப்பா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் நினைப்பு போகவில்லை.

"எங்கூட்டு பாயிண்ட்ல போடுங்க," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. எதிர்வீட்டு எல்லம்மா. பூ கட்டுகிறவள். "சந்துல ஷாமியானா போட்டு வெளிய வெச்சிடுங்க. எங்க ஜன்னல் வழியா ஒயரு எட்டும். அந்தப் பொண்ண இன்னாத்துக்கு கசக்குறீங்க?"

சாமிநாதன் ஷோபாவைப் பார்த்தார். பிறகு தம்பியின் தோள்பக்கம் போய் நின்று, "தூக்குங்கப்பா," என்றார்.

உத்தமன் வெளியே போனான். சந்தில் ஃப்ரீசர் பெட்டி உறுமத் தொடங்கியது. ஷோபா அதன் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியில் கை வைத்துக்கொண்டாள். அவன் முகம் தூங்குகிற முகமாகவே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது; வந்தது நிற்கவில்லை.

பின்னால் மரகதம் யாரிடமோ முணுமுணுத்தாள். சாமிநாதனின் பெண்சாதி. "கட்டின புருஷன வெளிய போட்டுட்டு, வெளையாட்டு டப்பாவ ஊட்டுக்குள்ள வெச்சிருக்கா. எங்கனா உண்டா?" வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி அது ஷாமியானாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்வந்தது. ஷோபாவின் காதிலும் விழுந்தது. மரகதம் கேட்டதில் அவளுக்குத் தப்பு தெரியவில்லை.

சாயங்காலம் எடுத்தார்கள். தப்பட்டைச் சத்தம் தெருமுனை திரும்பி மங்கியதும், பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர். ஷோபா ஈரப்புடவையோடு ஓடிப்போய் டிவி மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"இங்க ஊத்தாதீங்கக்கா, இங்க வேணாம்."

மரகதம் குடத்தைக் கீழே வைத்தாள். ஷோபாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியை எடுத்து அந்த இடத்தைக் கையாலேயே துடைக்கத் தொடங்கினாள்.

ஷோபா திரும்பிப் பார்த்தாள். பச்சை எரிந்துகொண்டிருந்தது.

எப்போது மாறியது? யாரும் பார்க்கவில்லை. எடுக்கும்போதா? அல்லது அவனைத் தூக்கி வெளியே வைத்த அடுத்த நிமிஷமே மாறியிருந்ததா? இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவன் வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பானா? கேட்பதற்கு ஆளில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்த பிறகு உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மத்தியானம் வீட்டில் ஷோபாவும் எல்லம்மாவும் மட்டும். எல்லம்மா வாசற்படியில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். காரியம் முடியும்வரை சாவு வீட்டில் டிவி போடக்கூடாது. அது ஷோபாவுக்கும் தெரியும். லேப்டாப்பைக் கழற்றி டிவியைச் சொருகினாள். சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்து ஒயரெல்லாம் கைக்குப் பழகியிருந்தது.

டப்பாவுக்கு உயிர் வந்தது. முப்பது ஆட்டம் வரிசையாக நிற்கிற இடத்தில் பழையதில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அழித்திருந்தான். நடுவில் ஒரே ஒரு படம். அமுக்கினாள்.

மஞ்சள் மலை. ஏணி. உச்சியில் வாத்து.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? அன்றைக்கேவா? தெரிந்துதான் இத்தனை வாரமும் "இதுவா, இதுவா" என்று கேட்டுக்கொண்டிருந்தானா? அப்படியென்றால் இந்த ஞாயிறு மட்டும் ஏன்? ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஷோபா பக்கத்தில் இருந்த வெறும் பாயைப் பார்த்தாள்.

"இதுதாங்க," என்றாள்.

பட்டனை அமுக்கச் சொல்லித் திரையில் எழுத்து விட்டுவிட்டு மின்னியது. அவள் அமுக்கவில்லை. கொஞ்ச நேரம் மின்னிப் பார்த்துவிட்டு எழுத்து மறைந்தது. தொப்பைக்காரன் கூடையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏற ஆரம்பித்தான்.

எல்லம்மா பூச்சரத்தோடு எட்டிப் பார்த்தாள். "யாரு ஷோபா ஆடுறது?"

"யாரும் இல்லக்கா. சும்மா வுட்டா அதுவா ஆடும்."

எல்லம்மா சரத்தை மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து பார்த்தாள். பாதி ஏணியில் முட்டை விழுந்தது. தொப்பைக்காரன் சறுக்கிக்கொண்டு அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். மறுபடியும் முதல் படியில் கால் வைத்தான்.