செவப்புக் கண்ணாடி வழியா ஒரு கொழந்த

மூணாவது தடவ ஈரத்துணி வெச்சுத் தேச்சும் கொழந்தையோட வயிறு வெளுக்கல. மொதல்ல தொட மட்டும்தான் ரோஸ் கலரா இருந்துச்சு. லோகநாயகி தேச்ச தேப்புல அது தொப்புளுக்கு ஏறி, நெஞ்சுக்கு ஏறி, கடைசில எடது கன்னத்துல போயி சௌரியமா ஒக்காந்துக்கிச்சு. பவுடர் போட்டா மறையும்னு டப்பாவக் கவுத்தா. ஈரமும் பவுடரும் சேந்ததும் கொழந்த பஞ்சு மிட்டாய் கணக்கா ஆயிடுச்சு. அதுக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ரெண்டு மாசத்துப் புள்ள, பக்கத்துல எரியுற ஐநூறு வாட் லைட்டப் பாத்து காலாட்டிக்கிட்டு கெடந்துச்சு. தெரைக்கு அந்தாண்ட பெஞ்சுல அதோட அம்மாவும் அத்தையும் ஒக்காந்து, ‘இன்னும் இன்னா பண்ணுது இந்தப் பொண்ணு’ன்னு பேசிக்கிட்டிருந்தது நல்லாவே கேட்டுச்சு.

லோகநாயகிக்குப் பதினாறு வயசு. மேற்குத் தாம்பரத்துல ஏகநாதன் ஸ்டூடியோன்னா அவ அப்பாதான். அன்னிக்கு முகூர்த்த நாளு, அவரு செங்கல்பட்டுக்குக் கல்யாணம் எடுக்கப் போயிட்டாரு. பாஸ்போர்ட் சைஸ் தவிர வேற எதுக்கும் காமிராவத் தொடக் கூடாது, கொழந்தைங்க பக்கம் போகவே கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. ஆனா பதினோரு மணிக்கு இவங்க வந்து நின்னப்ப அவளுக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வரல. திருமுடிவாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாங்க. கொழந்தையோட அப்பன் மாரி மஸ்கட்டுல வெல்டரு. புள்ள பொறந்ததுலேர்ந்து ஒரு தடவகூட பாத்ததில்ல. அவரு கூட வேல செய்யுற தாவீதுன்னு ஒருத்தர் லீவு முடிஞ்சு அன்னிக்கு ராத்திரியே பிளைட் ஏறப் போறாரு, அவரு கையில போட்டோவக் குடுத்தாகணும். கலர்ல எடுத்தா மவுண்ட் ரோடு லேபுக்குப் போயி வர நாலு நாளாவும். அதனால கருப்பு வெள்ளதான்.

மாரியோட அக்கா பச்சையம்மா வந்ததுமே ஆர்டர் போட்டுட்டாங்க. செவப்பு வெல்வெட்டு மேல குப்புறப் போடணும், தல தூக்கினாப்ல இருக்கணும், முக்கியமா நல்ல நெறமா, வெளுப்பா தெரியணும். ‘எங்க வூட்ல இந்தக் கலரு யாருமில்ல, அம்மா வூட்டுப் பக்கம் போயிட்டான்’னு கொழந்தையோட அம்மா கனகவல்லியப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.  அண்ணி பச்சையம்மா பக்கத்துக் கடைக்கு சோடா குடிக்கப் போன நேரம் பாத்து கனகவல்லி லோகநாயகி கிட்ட வந்து, மெல்ல,

“பாப்பா, பவுடரு கிவுடரு ஒண்ணும் வாணாம். இவன் எப்டி கீறானோ அப்டியே எடு. அவரு பாக்கப் போறது இதான் மொதல் தபா”ன்னா.

லோகநாயகியும் சரின்னு தலையாட்டினா. எல்லாம் அப்பா செய்யுற மாதிரியேதான் செஞ்சா. வெல்வெட்டுக்கு அடியில துண்டச் சுருட்டி வெச்சு, அது மேல கொழந்தையோட நெஞ்ச ஏத்துனா. ஒரு லைட்டப் பக்கவாட்டுல நிறுத்தி, இன்னொண்ணத் திருப்பி வெள்ளச் செவுத்துல அடிச்சா. மாநெறத்துக்கும் கருப்புக்கும் நேரா வெளிச்சம் அடிச்சா மூக்கும் நெத்தியும் மட்டும் பளபளன்னு எண்ணெ வடியுற மாதிரி விழும், செவுத்துல பட்டு வந்தா மொகமெல்லாம் சமமாப் பரவும். ஆளுங்க பக்கத்துல இருந்தா கொழந்த லென்ஸப் பாக்காதுன்னு அவங்கள தெரைக்கு அந்தாண்ட அனுப்பினா. அப்பா மட்டும் இப்பப் பாத்தா அசந்து போயிடுவாருன்னு நெனச்சா. லைட்டு சூடு எதமா இருந்துச்சோ என்னவோ, அந்த நேரம் பாத்து கொழந்த ஒண்ணுக்குப் போச்சு.

அந்த வெல்வெட்டு பல்லாவரம் சந்தையில போன வெள்ளிக்கெழமதான் வாங்கினது. சாயம் போவாதுன்னு கடக்காரர் கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணாத கொறையா சொல்லியிருந்தாரு.

துணி வெச்சும் போகல, பவுடராலயும் மறையல. வாயத் தொறந்து உண்மையச் சொல்லிடலாம்னு தெரைய ரெண்டு தடவ புடிச்சா. பச்சையம்மாவோட கொரலக் கேட்டதும் கை தானா வுட்டுடுச்சு. அப்பத்தான் படம் கழுவுற டார்க் ரூம் ஞாபகம் வந்துச்சு. செவப்பு பல்பு வெளிச்சத்துல அவ செவப்பு இங்குல எழுதி வெச்ச நம்பருங்க பேப்பர்ல இருக்கறதே தெரியாது. அதுக்காகவே அப்பா கிட்ட ஒரு தடவ கொட்டு வாங்கியிருக்கா. மேகத்தப் படம் புடிக்க அப்பா லென்ஸுல மாட்டுற செவப்புக் கண்ணாடி டிராயர்லதான் இருக்கு. அத எடுத்துக் கண்ணுல வெச்சுக் கொழந்தையப் பாத்தா. சாயம் ஒட்டின எடம் தெரியல. வயிறு சுத்தம், கன்னம் சுத்தம். சாமியே எறங்கி வந்த மாதிரி இருந்துச்சு அவளுக்கு.

பவுடரத் தொடச்சு, வெல்வெட்டோட காஞ்ச பக்கத்த இழுத்துப் போட்டு, கொழந்தையத் திரும்பக் குப்புற வெச்சு, கண்ணாடிய லென்ஸுல மாட்டுனா. அது வெளிச்சத்துல முக்காவாசிய முழுங்கிடும், ஷட்டரு கூட கொஞ்ச நேரம் தெறந்திருக்கணும், அதுவரைக்கும் கொழந்த அசையாம இருக்கணும். ரெண்டு மாசத்துப் புள்ள கிட்ட யாரு போயி சொல்றது? சாவிக் கொத்த ஆட்டுனா, நாக்கச் சொடுக்குனா, மாடு மாதிரி கத்திக்கூடப் பாத்தா. தெரைக்கு அந்தாண்ட பேச்சு நின்னுச்சே தவுர கொழந்த நிக்கல. அப்புறம் திடீர்னு அதுவா கையக் கால நிறுத்துச்சு. கண்ணு அகலமாச்சு. புருவம் சுருங்கி, ஒலகத்துக் கவலையெல்லாம் தலமேல போட்டுக்கிட்ட மாதிரி மொகம் ஆச்சு. எதுக்குன்னு லோகநாயகிக்கு ஒரு நிமிஷம் கழிச்சு வாடையில தெரிஞ்சிச்சு. ஆனா அதுக்குள்ள ரெண்டு படம் எடுத்துட்டா.

அலமாரியில இருந்த தேங்காண்ணெயத் தேச்சதுல கன்னத்துச் சாயம் போயிடுச்சு. கழுத்து வரைக்கும் துண்ட இறுக்கிச் சுத்தி, லைட்டு சூடு பட்டிருக்கு, வூட்டுக்குப் போனதும் குளிப்பாட்டுங்கன்னு சொல்லி, அஞ்சு மணிக்கு வாங்கன்னு அனுப்பி வெச்சா.

படத்தக் கழுவிப் பேப்பர்ல எறக்கினப்பதான் தெரிஞ்சுது. சாயம் எங்கயும் இல்ல, வாஸ்தவம். ஆனா வெல்வெட்டும் வெள்ளையாப் போயி கொழந்த பாலாடை மேல படுத்திருந்துச்சு. உதடு காணோம். அது மட்டுமில்ல, கொழந்தையே காணோம். அங்க இருந்தது எவரோ சேட்டு வூட்டுப் புள்ள, பால்ல கழுவி எடுத்த மாதிரி. செவப்புக் கண்ணாடி சாயத்தத் தின்னதோட நிக்காம கனகவல்லி குடுத்த நெறத்தையும் தின்னுட்டுப் போயிருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டி அந்த நெறத்தத் திரும்ப வரவழைக்கப் பாத்தா. பேப்பரு கருத்துச்சு, கொழந்த மழை மேகத்துக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி ஆச்சே தவுர அவனா வரல. அஞ்சு பேப்பர் போச்சு. மணி நாலே முக்கால். பென்சிலால உதட்ட மட்டும் வரஞ்சு வெச்சா.

பச்சையம்மா போட்டோவ வாங்கி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பாத்தாங்க.  அப்புறம் அவங்க மொகம் பூவா விரிஞ்சுது.

“பாத்தியாடி கனகா, அசல் எந்தம்பி. அவன் எதுனா ரோசனை பண்றப்போ இதே மூஞ்சிதான் வெச்சுகினு இருப்பான்.”

வெல்வெட்ட ஏன் மாத்துனேன்னு மட்டும் கேட்டாங்க. பதிலுக்குக் காத்திருக்காம, அடுத்த மாசம் மக வூட்டுக் கொழந்தையையும் இந்தப் பொண்ணுகிட்டத்தான் கொண்டாரணும்னு சொல்லிட்டு, பஸ் ஸ்டாண்டாண்ட நிக்குற தாவீதக் கூட்டியாரப் போயிட்டாங்க.

கனகவல்லி போகல. தோள்ல கொழந்தையோட கவுண்டர் கிட்டயே நின்னா. போட்டோவ ரெண்டு வெரலால புடிச்சு, அது மேல கை படாமப் பாத்துக்கிட்டிருந்தா.

“குளிப்பாட்டுன தண்ணி ரோஸா ஓடுச்சு”ன்னா. “அண்ணி கிட்ட சொல்லல.”

லோகநாயகி வெல்வெட்டு, சந்தை, செவப்புக் கண்ணாடி எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டுனா. அழுக வேற வந்துச்சு. கனகவல்லி திட்டல. பாதி புரிஞ்சுதோ என்னமோ, தலைய மட்டும் ஆட்டுனா. இன்னொரு படம் எடுக்கலாமான்னு லோகநாயகி கேட்டா. ரோட்டுல பச்சையம்மா யாரோ ஒரு ஆளோட வேகமா வந்துக்கிட்டிருந்தது கண்ணாடிக் கதவு வழியா தெரிஞ்சுது.

கனகவல்லி போட்டோவக் கொழந்தையோட மொகத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தா. காகிதத்தோட ஓரம் கன்னத்துல பட்டதும் கொழந்த பாலுன்னு நெனச்சு, அந்தப் பக்கமாத் திரும்பி வாயத் தொறந்துச்சு.

“ரெண்டு வருசம் கழிச்சுத்தான் அவருக்கு லீவு. அதுவரிக்கும் தெனம் இதயே பாத்துகினு இருப்பாரு. அப்பால வந்து, நான் இவன கையில குடுத்தா, வாங்கிப்பாரா பாப்பா?”