பொத்தான் அழுத்தியிருக்கையில்

முதல் அடியில் சின்னவனின் முன்பல் ஒன்று படகின் தளத்தில் விழுந்தது. பெரியவன் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு மறுபடி கை ஓங்கினான்.

"ரேடியோவுல என்னடா சொன்ன? இப்பச் சொல்லு. வாய் இருக்குல்ல, சொல்லு."

"பழகிப் பார்த்தேண்ணே. வெளிய போகும்னு சத்தியமா தெரியாது."

இரண்டாவது அடி காதோடு சேர்ந்து விழுந்தது.

படகு அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தம். பெயர் செவலை. பிடிபடும் மீனைத் தரம் பிரிக்கப் பெரியவனின் மனைவியும் கடலுக்கு வருவாள். ரேடியோ பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் எந்தப் படகும் கிளம்பக் கூடாது என்று துறைமுகத்தில் புதிதாக உத்தரவு போட்டிருந்தார்கள். பெரியவன் வகுப்பில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். "பெட்டிகிட்ட பேசுறதுக்கு ஒரு படிப்பா? நான் கட்டினவகிட்டயே பேசுறதில்ல" என்று சொல்லி, மனைவியையும் தம்பியையும் அனுப்பினான்.

துறைமுக அலுவலக மாடியில் வகுப்பு. கடகடக்கும் மின்விசிறி, கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகள், பலகையில் திருகி வைத்த ஒரு ரேடியோ. சொல்லிக்கொடுத்தவள் ரேடியோ அறையில் வேலை பார்ப்பவள். "டீ வந்துடுச்சு, ஓவர்" என்கிற அளவுக்கு, ரேடியோவில் பேசி முடித்ததைக் குறிக்கும் அந்தச் சொல் நாக்கில் ஒட்டிப்போனதால் ஓவர் அக்கா என்று பெயர்.

"மைக்ல இருக்கிற பொத்தானை அமுக்கினா பேசலாம். விட்டாத்தான் கேட்கலாம்" என்றாள் அவள். "அமுக்கிட்டே இருந்தா பெட்டி ஊமையாயிடும். உங்களுக்குத்தான் ஊமை. நீங்க பேசுறது ஊருக்கே கேட்கும். அந்த நேரத்துல மாமியாரைத் திட்டாதீங்க, ஓவர்."

வகுப்பு ரேடியோவின் ஆன்டெனா கம்பியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதில் என்ன கத்தினாலும் சுவரைத் தாண்டாது. பழகுவது என்றாலே அப்படித்தான் என்று சின்னவன் நினைத்துக்கொண்டான். முந்தைய நாள் மாலை, கட்டிக் கிடந்த செவலையில் உட்கார்ந்து, பரீட்சைக்காக மைக்கை எடுத்தான். "செவலை பேசுது, ஆபத்து, எங்க இடம்..." என்று ஒப்பித்தான். இடத்துக்கு ஜிபிஎஸ் எண் சொல்ல வேண்டும். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான். அப்பா கண்டுபிடித்து, இரண்டு பிள்ளைகளைத் தவிர யாரிடமும் சொல்லாமல் செத்துப்போன, மீன் மொய்க்கும் கடலடிப் பாறைத்திட்டின் எண். அந்த வீட்டில் உலை கொதிப்பதே அதனால்தான். பொத்தானை அமுக்கியபடியே பேசியதால் பதில் எதுவும் வரவில்லை. யாருக்கும் கேட்கவில்லை என்று எழுந்து போய்விட்டான்.

காலையில் திட்டின் மேல் பேருந்து நிலையம் போலப் படகுகள். ஒருவன் கையசைத்துக் கத்தினான்: "தம்பிக்கு நன்றி சொல்லிடுப்பா!"

பெரியவன் சுக்கானைத் திருப்பினான். கண்ணுக்கு எந்தப் படகும் தெரியாத தூரம்வரை செவலையை ஓட்டிப்போய், இன்ஜினை அணைத்துவிட்டு, பின்தளத்துக்கு வந்துதான் முதல் அடி கொடுத்தான்.

இப்போது அவன் கையில் பெரிய மீனை இழுக்கும் கொக்கிக் கம்பு இருந்தது. மனைவி குறுக்கே பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். உதறிய வேகத்தில் மீன்பெட்டியில் போய் மோதினாள். கம்பு சின்னவனின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அடுத்தது தலையில். ரத்தம் கண்ணை மூட, "அண்ணே, போதும்ணே" என்று அவன் ஒற்றைக் கையால் தளத்தைத் தடவினான்.

கெஞ்சினால் நிற்கப்போவதில்லை. அவள் சுக்கான் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். மைக்கை எடுத்து, வகுப்பில் பழகிய ஆபத்து அழைப்பைச் சொன்னாள்.

"மேடே, மேடே, மேடே. செவலை பேசுது, செவலை."

பொத்தானை விட்டாள்.

"செவலை, கேட்குது. என்ன ஆபத்து, ஓவர்?"

வகுப்பில் ஆபத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தீ, ஓட்டை, மோதல், ஆள் விழுந்தது. கட்டினவன் அதில் இல்லை. என்னவென்று சொல்வது என அவள் திணறியபோது வெளியே தண்ணீரில் பெரிதாக ஏதோ விழுந்தது.

"ஆள் தண்ணில" என்றாள். "என் கொழுந்தன். தலையில அடி, ஒரு கை உடைஞ்சிருக்கு. தள்ளிவிட்டது என் புருஷன்." ஜிபிஎஸ் எண்ணை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கடைசி எண்ணைச் சொல்லி முடிக்கும்போது கதவு உதைபட்டுத் திறந்தது.

"யார்கிட்டடி பேசுற?"

அவள் கட்டைவிரல் பொத்தானிலேயே இருந்தது. பெரியவன் பெட்டியைப் பார்த்தான். இரைச்சல்கூட இல்லை.

"பாரு, ஒரு நாயும் பதில் சொல்லல" என்று சிரித்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சத்தமில்லாத பெட்டி இவனுக்குக் காலிப் பெட்டி. அவள் விரலை எடுக்கவில்லை.

"அவனைத் தூக்குங்க. செத்துருவான்."

"கொஞ்ச நேரம் மிதப்பான். மீனுக்கெல்லாம் இடம் சொல்லிக் கொடுக்கட்டும்."

"கம்பால அடிச்சு மண்டையப் பிளந்துட்டுத் தள்ளியும் விட்டீங்களே."

"ஆமா, பிளந்தேன். இன்னும் ரெண்டு போட்டிருக்கணும். கரையில கேட்டா அலை அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னு சொல்ற. வேற மாதிரி வாயத் திறந்த, அவன் பக்கத்துலயே உனக்கும் இடம் இருக்கு. அதை இங்க வை."

அவள் வைக்கவில்லை. அவன் அவள் மணிக்கட்டைக் கதவு நிலையோடு அழுத்தி, கம்பின் அடிக்கட்டையால் இடித்தான். இரண்டாவது இடியில் எலும்பு நொறுங்கியது. விரல் தானாக விலக, மைக் கம்பியில் தொங்கி ஆடியது.

பெட்டி உடனே பேசியது.

"செவலை, எல்லாம் கேட்டுச்சு. எல்லாம் பதிவாகியிருக்கு. படகைத் திருப்பி அவரை எடுங்க, ஓவர்."

அந்தக் குரல் முடியும் முன்னே வேறொரு குரல். "டேய் பெரியவனே, திட்டுல இருந்து நாங்க கிளம்பிட்டோம். தூக்குடா அவனை!" அதன் மேல் இன்னொன்று ஏறியது: "அவனும் உங்கப்பனுக்குப் பொறந்தவன்தானேடா, பாவி!"

பெரியவன் மைக்கைப் பிய்த்தெறிந்தான். கம்பால் பெட்டியை அது ஆணியிலிருந்து பெயரும்வரை அடித்தான். மறுபடி சத்தம் அடங்கியது. இந்த முறை அந்த அமைதியை அவன் நம்பவில்லை. மூச்சு வாங்க நின்றவன், இன்ஜினைக் கிளப்பி, காற்றில் தள்ளிப்போயிருந்த படகைத் திருப்பினான்.

சின்னவன், தன்னோடு விழுந்த வலை மிதவை ஒன்றை நல்ல கையால் கட்டிக்கொண்டு கிடந்தான். சுற்றிலும் தண்ணீர் நிறம் மாறியிருந்தது. பெரியவன் இன்ஜினை அணைத்து, விளிம்பில் மண்டியிட்டு, கையிலிருந்த கம்பை நீட்டினான்.

"பிடிச்சுக்கடா."

சின்னவன் கம்பைப் பார்த்தான். மிதவையோடு காலை உதைத்து விலகிப் போனான்.

"பிடிடா! தூக்கத்தான் வந்திருக்கேன்."

"வேண்டாண்ணே. வேண்டாம்." வாயில் தண்ணீர் புகுந்து இருமினான். இன்னும் விலகினான். மிதவை கையிலிருந்து நழுவத் தொடங்கியது.

"அதைக் கடல்ல போடுங்க" என்றாள் அவள். நொறுங்கிய கையை மார்போடு அணைத்திருந்தாள். "போட்டுட்டு முன்னாடி போய் உட்காருங்க. நீங்க இங்க நிக்கிறவரைக்கும் அவன் வர மாட்டான்."

அவன் அடிக்கத்தான் திரும்பினான் என்று நினைத்தாள். அடிவானத்தில் முதல் படகின் புகை தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். கம்பு தண்ணீரில் விழுந்தது. முன்தளத்தில் போய், முழங்காலில் கையை வைத்து உட்கார்ந்தான்.

அவள் இடது கையால் கயிற்றை வீசினாள். எட்டவில்லை. மறுபடி இழுத்து வீசினாள். சின்னவன் அதைக் கையில் சுற்றிக்கொண்டான். மறுமுனையைத் தளத்துக் கட்டையில் இரண்டு சுற்று சுற்றி, பல்லாலும் கையாலும் இழுத்து அவனைப் படகோரம் கொண்டுவந்தாள். மேலே தூக்க அவளுக்கு வலுவில்லை. முகம் தண்ணீருக்கு மேல் நிற்கும்படி பிடித்துக்கொள்ளத்தான் முடிந்தது.

"அண்ணி" என்றான். ஒரு கண் மூடியிருந்தது. "அண்ணன் எங்க இருக்காரு?"

"முன்னாடி. உட்கார்ந்திருக்காரு."

"பார்த்துட்டே இருங்க."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன். நீ கயித்தை விடாத."