மூன்று எழுத்து ஊர்

இசாமுவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிவிட்டது. பேச்சு திரும்பியிருந்தது. கோலூன்றி நடக்கவும் செய்தார். திரும்பாமல் போனது கான்ஜி எழுத்துகள்தான். ஒலிக்கு ஒன்றாக இருக்கும் கானா எழுத்துகளைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிடுவார். பொருளைச் சுமந்து நிற்கும் கான்ஜியைக் கண்டால் மட்டும் முகம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். குஷிரோ நகரில் முப்பத்தொரு வருஷம் பார்சல் வண்டி ஓட்டியவர், எந்த முகவரியையும் ஒரே பார்வையில் படித்தவர்.

“தினமும் ஒரு மணி நேரம் படிக்க வைங்க, விட்டுடாதீங்க” என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். அது அவர் மனைவி கிமியேவின் தலையில் விழுந்தது. விடிவதற்கு முன்பே மீன் ஆலைக்குப் போய், மதியம் இரண்டு வரை நின்றபடியே மீனுக்குக் குடல் எடுத்துவிட்டு, கால் கடுக்க வீடு வந்து, ஒன்றாம் வகுப்புப் பயிற்சி நூலைத் திறப்பாள்.

இத்தனை நாள் பயிற்சியில் எளிய எழுத்துகள் சில தனித்தனியாகப் பிடிபட்டிருந்தன. அன்று வந்த சொல்லில் இரண்டு எழுத்துகள்.

“இமா. ஹி” என்றார் இசாமு. இப்போது, நாள்.

“தனித்தனியா சரிதாங்க. சேர்த்துப் படிங்க.”

“இமாஹி.”

“கியோ. இன்னிக்குன்னு அர்த்தம். நேத்தும் சொன்னேன்.”

“இதுல இமாவும் இல்ல, ஹியும் இல்ல. அப்ப அதுங்க ரெண்டும் எதுக்கு அங்க நிக்குதுங்க?”

கிமியே பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த சொல்லில் ‘கீழ்’ என்ற எழுத்தும் ‘கை’ என்ற எழுத்தும். சேர்த்தால் ‘ஹெதா’, வேலை கைவராதவன். மடியில் துவண்டு கிடந்த தன் வலக்கையைப் பார்த்து, “இது என்னைத்தான் எழுதியிருக்கு” என்றார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று அவளுக்குக் கண் சொருகியது. விழித்தபோது அவர் அதே சொல்லை மூன்றாம் முறையாகத் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நாளாவது மனசு வச்சுப் படிச்சா என்ன? அங்க நின்னு சாகுறேன், இங்க வந்து கத்திச் சாகணுமா?”

இசாமு நூலை மூடினார். ஒற்றைக் கையால் மேலங்கிப் பொத்தான்களைப் போட வெகுநேரமானது. அவள் எழுந்து உதவவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

அரை மணி கழிந்தும் ஆள் வரவில்லை. பனியில் வழுக்கி விழுந்திருந்தால்? கிமியே பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

வீட்டைத் தாண்டி அடுத்த பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். வழித்தடப் பலகையில் கான்ஜிக்குக் கீழே கானாவும் எழுதியிருந்தது. கானா தெரியாதபடி கையுறையால் மறைத்துக்கொண்டு, மேலே இருந்த மூன்று எழுத்துகளை முறைத்துக்கொண்டிருந்தார்.

“பெரிசு” என்றார், அவளைத் திரும்பிப் பார்க்காமலே. “சுகம். அப்புறம் மயிர். இப்படியும் ஒரு ஊரா?”

கிமியேவுக்கு அடக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது.

“அதை யாராலயும் படிக்க முடியாதுங்க. தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும். கல்யாணமாகி அவோமோரிலேருந்து வந்த புதுசுல நான் படிச்ச லட்சணத்தைக் கேட்டு வண்டியை ஓரமா நிறுத்திட்டுச் சிரிச்சீங்க.”

“நானா? என்னன்னு சொல்லிக் குடுத்தேன்?”

“ஓதானோஷிகே.”

“ஓதானோஷிகே” என்றார். பலகையைப் பார்த்து இன்னொரு முறை சொன்னார். “தினம் போவேனே அங்க.”

“ஆமா. தினம் போவீங்க.”

பேருந்து வந்து கதவு திறந்தது. ஒரே நிறுத்தம்தான் வீட்டுக்கு. ஆனாலும் நடக்க இருவருக்கும் தெம்பில்லை. ஏறி உட்கார்ந்தார்கள். “அப்படிக் கத்தியிருக்கக் கூடாது” என்றாள். “படிச்சிருக்கணும்” என்றார் அவர்.

மறுநாள் கிமியே ஒன்றாம் வகுப்பு நூலை அலமாரிக்குள் தள்ளிவிட்டு, பழைய ஊர் வரைபடத்தை மேசையில் விரித்தாள். நேரத்தை அரை மணியாகக் குறைத்தாள். பயிற்சிப் பெண்ணிடம் அதைச் சொல்லவில்லை. மார்ச் முடிவதற்குள் பதினோரு ஊர்ப் பெயர்கள் அவருக்குப் பிடிபட்டன. அவற்றில் மூன்று அடிக்கடி நழுவும். அவர் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போவார். எதிரே மேசையில் தலை சாய்த்திருக்கும் கிமியே, தப்போ சரியோ, பாதித் தூக்கத்தில் ‘ம்’ கொட்டுவாள்.