தானாக நகரும் சுவர்

சுவர் தானாக நகர்கிறது என்று ஒருவர் போனில் சொன்னால் என்ன பதில் சொல்வது? சார், நேற்று சரியாகத் தூங்கினீர்களா என்று கேட்க என் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. 2002-ல், கூடுவாஞ்சேரி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆபிரகாம் அண்ணன் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் என் வேலையே வாடிக்கையாளர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதுதான். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அது அண்ணனுக்கும் தெரியும். ஆனால் கடையில் வேறு ஆள் கிடையாது.

அந்த வருஷம் யாரைப் பார்த்தாலும் மனை வாங்கியிருந்தார்கள். வாங்கியவர்கள் எல்லோரும் வீட்டை முதலில் கம்ப்யூட்டரில் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் சிடியில் வந்தது. வெள்ளைக்காரன் தன் ஊருக்குச் செய்தது. நாலு சுவர் எழுப்பினால் போதும், கேட்காமலே சாய்வுக் கூரையைத் தூக்கித் தலையில் வைத்துவிடும். கூடத்தில் குளிர்காய அடுப்பு வேறு. செங்கல்பட்டு வெயிலில் எவன் குளிர்காயப் போகிறான்? மொட்டைமாடி வேண்டுமென்றால் கூரையின் சாய்வைப் பூஜ்யமாக்க வேண்டும். பூஜை அறை வேண்டுமென்றால் துணி அலமாரியைப் போட்டுப் பெயரை மாற்ற வேண்டும். சுவர்களின் முனைகள் ஒட்டாவிட்டால் அது அறையாகவே கணக்கில் வராது, தரை விழாது. இதையெல்லாம் தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில்கூட நான் "முனையை இழுங்க சார்" என்று உளறுவதாக என் தங்கை வினிதா வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

போன் செய்தவர் பெயர் பன்னீர்செல்வம். மன்னார்குடிப் பக்கத்துக்காரர். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருபத்திரண்டு வருஷமாகக் குடித்தனம். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்தான் என்று கூடுவாஞ்சேரியில் மனை வாங்கிவிட்டார். வீட்டையும் நானே வரைவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் மாட்டிக்கொடுத்தது நான்தான். அன்றைக்கே ஒரு பஞ்சாயத்து. மனையடி சாஸ்திரப்படி அறையின் உள்கூடு பதினோரு அடி வர வேண்டும் என்று அவர் பதினொன்று அடிக்கிறார். அது பத்தேகால் காட்டுகிறது. சாஃப்ட்வேரில் கோளாறு, பணத்தைத் திருப்பிக் கொடு என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு விளக்கினேன். இது சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கிறது. ஒன்பது அங்குலச் சுவரில் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி போய்விடும். அதனால் முக்கால் அடி கூட்டிப் போட வேண்டும். அவர் நம்பாமல் கண்ணாடியைத் தேட எழுந்து போனார். காப்பி கொண்டுவந்த அவர் மனைவி ஞானம்பாள், தையலுக்கு விடுற துணி மாதிரியா என்று கேட்டார். ஒரே வரியில் அவருக்குப் புரிந்துவிட்டது. அதே சூட்டில் கதவை எந்தப் பக்கம் திறக்க வைப்பது, தப்பாகிவிட்டால் எப்படிப் பழையபடி ஆக்குவது என்றும் கேட்டார். நானும் மவுஸைக் கையில் கொடுத்து இரண்டு நிமிஷத்தில் காட்டிவிட்டேன். அந்த இரண்டு நிமிஷம் எனக்கு என்ன வேலை வைக்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

அடுத்த ஐந்து வாரத்தில் ஒன்பது போன். ஒவ்வொரு தடவையும் ஒரே புகார். தெருப்பக்கம் அவர் தனக்கென்று வரைந்த இருபதடி ஆபீஸ் அறைக்குக் குறுக்கே ஒரு சுவர் முளைக்கிறது. தெருவைப் பார்த்து ஒரு கதவும் முளைக்கிறது. இவர் அழிக்கிறார், அது மறுபடி வருகிறது. நான் வைரஸ் தேடச் சொன்னேன். சிடியைத் திரும்பப் போடச் சொன்னேன். கடைசியில் வேப்பிலை அடிக்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆபிரகாம் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சங்கரி, அந்தாளு டவுன்ஷிப் முழுக்க நம்ம கடையப் பத்தி சொல்லிகினு கீறாராம். நேரா போய் முடிச்சிட்டு வா" என்றார்.

சனிக்கிழமை செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். போய்ச் சேர மதியம் இரண்டு மணி. பசி ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். பன்னீர்செல்வம் வாசலிலேயே நிலவரத்தைச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டுகிறார்கள். நாலு மணிக்கு மேஸ்திரி வந்து பிளானை வாங்கிப் போகிறார். அதற்குள் கோளாறைப் பிடித்தாக வேண்டும்.

பிறகு ஒரு நோட்டை நீட்டினார். அதைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மணிக்கு ஒரு தரம் மீட்டரைப் பார்த்து எழுதிப் பழகிய கை. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டுத் தேதி, நேரம், பார்த்தது, காரணம், செய்தது என்று ஐந்து கட்டம். ஒன்பது தடவையும் சுவர் எங்கே முளைத்தது, கதவு மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அங்குலக் கணக்கோடு முத்து முத்தாக எழுதியிருந்தார். காரணம் என்ற கட்டம் மட்டும் ஒன்பதிலும் காலி. அதைக் காட்டும்போது மனிதர் முகத்தில் நிஜமான வேதனை. வேலையில் காரணம் தெரியாமல் எதையும் மூடி வைக்க மாட்டார்களாம்.

நான் படித்துக்கொண்டே போனேன். புதுச் சுவர் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் எட்டடி, மறுபக்கம் பதினோரு அடி விட்டு நிற்கிறது. எட்டும் நல்ல அளவு, பதினொன்றும் நல்ல அளவு. ஒருநாள்கூட ஆகாத ஒன்பதில் நிற்கவில்லை. எந்த ஊர் வைரஸுக்கு மனையடி சாஸ்திரம் தெரியும்? இன்னொன்றும் கண்ணில் பட்டது. தேதியோடு அவர் ஷிஃப்டையும் குறித்திருந்தார். காலை ஷிஃப்ட் போன நாட்களில் மட்டும்தான் சுவர் நகர்ந்திருக்கிறது. வார விடுமுறையில் சுவரும் விடுமுறை எடுத்திருக்கிறது. கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைக் கடைசியாக மாற்றிய நேரத்தைப் பார்த்தேன். வியாழக்கிழமை காலை பதினொன்று இருபது. கீபோர்டில் கைவைத்தபோது விரலில் நீலமாக ஏதோ ஒட்டியது. துணியில் கோடு போடுகிற தையல் சாக்கட்டி.

நான் தலையைத் தூக்கினேன். அடுக்களை வாசலில் ஞானம்பாள் நின்றிருந்தார். நான் என் விரலைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

நல்லவேளை, பிரின்ட் எடுக்கப் பேப்பர் போதவில்லை என்று பன்னீர்செல்வம் கடைக்குக் கிளம்பினார். செருப்புச் சத்தம் மறைந்ததும் நான் பொரிந்து தள்ளிவிட்டேன். ஒன்பது போன், ஒரு மாசமாக அண்ணனிடம் வசவு, இன்றைக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் இடிபட்டது, எல்லாவற்றையும் கொட்டினேன். வாயைத் திறந்து அவரிடம் கேட்க வேண்டியதுதானே என்றேன்.

ஞானம்பாள் கோபப்படவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே தையல் மெஷின். ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் தாண்ட முடியாது. டவுன்ஷிப்பில் பாதிப் பெண்களின் ரவிக்கை அங்கேதான் தைக்கப்படுகிறது. துணி வெட்டுகிற பெரிய மேசை மழையில் நனைந்து பின்பக்கம் கிடந்தது. பன்னீர்செல்வம் ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்கினால் மெஷினைத் தொட முடியாது. அளவு கொடுக்க வருகிறவர்கள் கூடத்தில் பூனை மாதிரி நடந்து வர வேண்டும். தனக்கென்று ஒரு அறை, தெருவிலிருந்து நேராக வர ஒரு கதவு. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டது இவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் கணவர் பார்க்கலாம் என்பாராம். மனை வாங்கிய அன்றைக்கும் ஞானம்பாள் கேட்டிருக்கிறார். அன்றைக்கும் பார்க்கலாம்தான். திங்கட்கிழமை கடைக்கால் தோண்டிவிட்டால் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை.

எனக்கு என் வாய் மேலேயே கோபம் வந்தது. விஷயம் தெரியாமல் ஒரு மூச்சுக் கத்திவிட்டேனே.

பன்னீர்செல்வம் பேப்பரோடு திரும்பினார். கோளாறு கிடைத்ததா என்று கேட்டார். நான் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தேன். அவரே ஒரு வழி சொன்னார். கையில் பேனாவையும் நோட்டையும் கொடுத்து, காரணம் என்ற இடத்தில் வைரஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவருடைய பழைய பிளானை அப்படியே வைத்து, பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிவிட்டு, பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிடச் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு சொல்லை எழுதினால் என் வேலை முடிந்தது, கடையின் பெயர் பிழைத்தது, நான் சாயங்காலத்துக்குள் வீடு சேர்ந்துவிடலாம். அந்த அம்மாவின் கதவு மட்டும் அதோடு போய்விடும். உண்மையை எழுதலாம் என்றால் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே சண்டை மூட்டிவிட்ட பாவம் எனக்கு. பேனாவைத் திறந்தேன், மூடினேன். வைரஸ் இல்ல சார், பொய் எழுத எனக்கு வராது என்று மட்டும் சொன்னேன்.

"அப்பறம் என்னதான் காரணம்?" என்றார்.

"என் பேரை எழுதும்மா" என்றார் ஞானம்பாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஞானம்பாள் கையிலிருந்த காப்பி டம்ளரை மேசையில் வைத்தார்.

"நான்தாங்க நகத்தினேன். ஒம்பது தடவையும் நான்தான். இருபத்திரண்டு வருசமா வாயால சொன்னேன், அதை நீங்க எங்கயும் எழுதி வைக்கல. சுவத்த நகத்தினதும் அன்னன்னைக்கே அங்குலக் கணக்கா எழுதிட்டீங்க. அதான் திரும்பத் திரும்ப நகத்தினேன்."

நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். வழியில் பன்னீர்செல்வம் நின்றிருந்தார்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் கையிலிருந்து நோட்டை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்துப் படித்தார். இரண்டாவது, மூன்றாவது என்று ஒன்பது பக்கத்தையும் படித்து முடித்தார். அவர் எழுதியதைத்தான் அவர் படித்தார். ஆனால் யாரோ எழுதியதைப் படிப்பது மாதிரி அவ்வளவு மெதுவாகப் படித்தார்.

"ஒம்பது தடவையும் அதே எடம். மூலையிலேர்ந்து ரெண்டடி நாலு அங்குலம். ஒரு நூல்கூட மாறல" என்றார். குரலில் கோபம் இல்லை. தன் கூட வேலை பார்க்கும் ஒரு நல்ல ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞானம்பாளுக்கும் வந்தது, ஆனால் கண்ணில் தண்ணீரோடு வந்தது.

பன்னீர்செல்வம் ஜன்னல் வழியாகப் பின்பக்கம் கிடந்த மேசையைப் பார்த்தார்.

"மூணடிக் கதவுல அந்த மேசை நுழையுமா?"

"நுழையாது. மூணரை வேணும்."

"பின்ன ஏன் மூணடி போட்ட?"

"ரொம்ப ஆசைப்பட்டா மொத்தமும் போயிடுமோன்னு பயம்" என்றார் ஞானம்பாள்.

யாருக்கும் தெரியாமல், கேட்க ஆள் இல்லாத நேரத்தில், கம்ப்யூட்டரில்தான் வரைந்தார். வரைந்தால் காசா, பணமா? அதிலும் அரையடி குறைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார்.

பன்னீர்செல்வம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்தார். வழக்கமாக அவர் உட்காரும் நாற்காலி. அதை மனைவி பக்கம் திருப்பி வைத்தார்.

"மேஸ்திரி வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நீயே போடு. நாலடியாப் போடு" என்றார்.

"மூணரை போதுங்க" என்று சொல்லிவிட்டு, ஞானம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.