மூன்றாவது காபி

எங்கள் ஊரில் பள்ளிக் கட்டடம் ஒன்று, பள்ளிகள் இரண்டு. போஸ்னியாக் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஒரு வாசல், குரோவாசியக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறு வாசல், முற்றத்தின் நடுவே கம்பி வேலி. இரண்டுக்கும் சேர்த்து ஆலோசகர் யாஸ்னா ஒருத்திதான். அவள் வேலை அறிவுரையால் நடப்பதல்ல. தன்னிடம் சொன்னது வெளியே போகாது என்று பிள்ளைகள் நம்ப வேண்டும். நம்பினால் வருவார்கள். வந்து பேசினால், சண்டை முளைக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மெலிஹாவுக்குக் கை முறிந்தது. யாரோ படியில் தள்ளிவிட்டதாக வீட்டில் சொன்னாள். அவளைத் தூக்கி வந்தவன் குரோவாசியப் பையன் கிரெஷோ. அப்படியானால் தள்ளியதும் அவன்தான் என்று ஊர் முடிவுகட்டியது. யாஸ்னாவிடம் மட்டும் மெலிஹா உண்மையைச் சொன்னாள். கிரெஷோவிடம் கித்தார் கற்க வேலி ஏறிக் குதித்தபோது விழுந்திருக்கிறாள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பையே நிறுத்திடுவார் டீச்சர். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

யாஸ்னா செய்தாள்.

மறுநாள் மெலிஹாவின் அப்பா நிஹாத்தைப் பார்க்கப் போனாள். வாசலில் இரண்டு கார்கள் நின்றிருந்தன. அவருடைய அண்ணன் மகன்கள் கிரெஷோவின் தெருவுக்குப் போய் அடிக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கப்பா அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம்," என்றார் நிஹாத். "நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியாது. எங்களைச் சமாதானம் பண்ண வந்துட்டீங்களாக்கும்!"

"அதனாலதான் வந்தேன் நிஹாத். கல்யாணத்தன்னிக்கே ரெண்டு வீட்டுலயும் அடி வாங்கின குடும்பம் எங்களுது."

அவர் லேசாகச் சிரித்தார். ஆனாலும் மசியவில்லை. எங்கள் ஊரில் முதல் காபி வரவேற்புக்கு, இரண்டாவது பேச்சுக்கு. மூன்றாவது வந்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். வாய்விட்டு யாரும் சொல்வதில்லை.

மூன்றாவதை மெலிஹாதான் ஒற்றைக் கையால் கொண்டுவந்தாள். யாஸ்னா அவள் முகத்தைப் பார்த்தாள். நீயே சொல்லிவிடேன் என்று கேட்கும் பார்வை. மெலிஹா மெல்லத் தலையாட்டி மறுத்தாள்.

வெளியே கார்க் கதவுகள் அறைந்து மூடும் சத்தம் கேட்டது.

"அந்தப் பையன் தள்ளலை," என்றாள் யாஸ்னா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

நிஹாத் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"வண்டிய நிறுத்துங்கடா! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

"என்ன சித்தப்பா, பயந்துட்டியா?"

"போங்கடான்னா!"

கார்கள் போன பிறகு சொன்னார்: "அந்தப் பையன் வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன். தப்பு எங்களோடது. ஆனா திங்கக்கிழமையிலேருந்து இவ பள்ளிக்கூடம் வரமாட்டா."

"நிஹாத், அவளை..."

"தெருவைக் காப்பாத்திட்டீங்க டீச்சர். இது என் வீடு."

யாஸ்னா காலணியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது மெலிஹா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்," என்றாள்.

பிறகு சத்தமில்லாமல் கதவை மூடினாள்.