கூடா, தோட்டாவா

முனேஷ் துப்பாக்கி விசையை அழுத்தினாள். டிக். வெடிக்கவில்லை. ஆனால் குழல் மட்டும் கோழி கொத்துவதுபோல் கீழே குத்தியது.

"வெத்துத் தோட்டாக் கூட்டுக்கே இந்த ஆட்டமா?" அண்ணன் ஜெய்வீர் சிரித்தான். "உள்ள ஒண்ணுமே இல்ல. எதைக் கண்டு பயந்த?"

எதைக் கண்டு என்று அவனுக்குத் தெரியாதா? போன குளிர்காலம், பெரியப்பா மகன் கல்யாண ஊர்வலம். பாக்பத் பக்கம் வானத்தைப் பார்த்துச் சுடாமல் எந்த மாப்பிள்ளையும் குதிரை ஏறியதில்லை. ஜெய்வீரும் கள்ளத் துப்பாக்கி ஒன்றைத் தூக்கினான். அவள் காதருகில் அது அவன் கையிலேயே வெடித்துப் பிளந்தது. பேண்டு வாத்தியம் நிற்கவே இல்லை. மருதாணிக் கையால் அவன் விரல்கள் இரண்டைப் பொறுக்கினாள்.

அன்றிலிருந்து, வெடிக்கும் முன்பே கண் மூடிக்கொள்கிறது, மணிக்கட்டு சாய்கிறது. நாளை மீரட்டில் மாநில அணித் தேர்வு. இந்தக் கையோடு போனால் அணியில் அவள் இடம் போய்விடும்.

பயிற்சியாளர் சொன்ன வழி ஒன்றுதான். வேறொருவர் மறைத்து நிரப்பித் தரவேண்டும். உள்ளே இருப்பது தோட்டாவா, சுட்டுப்போட்ட கூடா என்று சுடுபவருக்குத் தெரியக்கூடாது. கூடச் சுடும் பெண்கள் காலையிலேயே மீரட் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியவன் ஜெய்வீர்தான்.

மறுபடி மறைத்து நிரப்ப அவன் முதுகைத் திருப்பினான். "மூணு விரலால செருகுறதுக்குள்ள வயக்காட்டுக் கரும்பையே வெட்டி முடிச்சிருவாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெற்றுக் கூடாக இருக்கட்டும் என்ற நப்பாசையில்தான் இவ்வளவு நேரமும் நின்றிருக்கிறாள். அந்தக் கையையும் ஒருமுறைகூட நேராகப் பார்த்ததில்லை.

"திரும்புண்ணே. என் கண்ணு முன்னால போடு. தோட்டாவையே போடு."

"பைத்தியமா? அப்புறம் இன்னும் நடுங்குவ."

"போடுங்கறேன்ல."

போட்டான். தழும்பேறிய விரல் அடிக்கட்டைகளைப் பார்த்துக்கொண்டே துப்பாக்கியை வாங்கினாள். கை உயர்ந்தது. குழல் நுனியில் முன்குறி ஆடியது. ஆடட்டும் என்று விட்டாள். அது நிற்கக் காத்திருந்தால் விடியாது. விரல் மட்டும் மெல்ல, மெல்ல இறுகியது.

வெடித்தது.

ஜெய்வீர் கண்ணை இறுக மூடி, காதைப் பொத்தியிருந்தான். "போச்சா?"

"எட்டாம் வளையம். வலது பக்கம்."

அவன் தொலைநோக்கியில் குனிந்தான். "எட்டேதான்! குறி அட்டையப் பாக்காமலே எப்படிடி சொன்ன?"

"முன்குறி எங்க இருந்து எகிறுச்சுன்னு பாத்தேன். கண்ணு தொறந்திருந்துச்சு."

பயம் எங்கேயும் போய்விடவில்லை, பக்கத்திலேயே நின்றது.

துப்பாக்கியை அவனிடம் நீட்டினாள். "அடுத்தது போடு. இந்தத் தடவை நீயும் கண்ணை மூடாத."