கேமரா பார்த்துச் சொன்ன பழி

என் வீட்டுக்காரர் ஆர்லன் கையில் அந்தக் கேமரா கிடைத்ததிலிருந்து எங்கள் குடும்பத்துக்குச் சனி பிடித்தது. பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு கம்பி. நுனியில் குட்டிக் கண்ணாடியும் விளக்கும். வாலைப் போனில் செருகினால் துப்பாக்கிக் குழலின் உள்பக்கம் திரையில் பெரிசாகத் தெரியும். முன்னெல்லாம் துப்பாக்கிப் பட்டறைக்காரர்களிடம் மட்டும் இருந்த சாமான், இப்போது ஹோட்டலில் ஒரு வேளை சாப்பிடுகிற காசுக்கு வீடு தேடி வருகிறது. வந்ததும் இந்த மனுஷன் டாக்டராகிவிட்டார்.

முதல் நோயாளி அவருடைய சொந்த ரைஃபிள். அதை அவர் தம்பி டுவைட் வயோமிங் மாநிலத்து வேட்டைக்கு இரவல் வாங்கிப் போய், துடைத்து எண்ணெய் போட்டு அப்போதுதான் திருப்பிக் கொடுத்திருந்தான். திரையில் பார்த்தால், குண்டு கிளம்புகிற இடம் முழுக்கக் காய்ந்த குளத்து மண் மாதிரி வெடிப்பு. அதைத் தாண்டினால் கீறல், குண்டு உரசி விட்டுப்போன செம்பு அப்பிய திட்டு. ஆர்லனுக்கு முகம் வெளுத்துப்போனது. நானும் எட்டிப் பார்த்து, ஐயையோ, டுவைட் இப்படியா பண்ணுவான் என்றேன். அந்த வாயை அப்போதே மூடியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை, வாராவாரம் போல, ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில் வேட்டைக் கூட்டம் மொத்தமும் பான்கேக் சாப்பிட உட்கார்ந்திருந்தது. டுவைட்டும் இருந்தான். ஆர்லன் குழலின் படத்தோடு போனை மேஜையைச் சுற்றிக் கைமாற்றிவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"குழல் சூடு ஆறக்கூட விடாம சுட்டுத் தள்ளியிருக்கான். துப்பாக்கி புடிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்கு வேட்டை?"

கூடமே சிரித்தது, நானும்தான். டுவைட் தட்டைப் பார்த்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டான்.

அன்று சாயங்காலம் அவன் எங்கள் வாசலுக்கு வந்து, அவர்கள் அப்பா விட்டுப்போனதில் அவன் பங்குக்கு வந்த ரைஃபிளை என்னிடம் நீட்டினான். கெடுத்ததுக்குப் பதில் இதை அண்ணன் வைத்துக்கொள்ளட்டும், இனிமேல் தான் வேட்டைக்கே வரப்போவதில்லை என்றான். மான் சீசன் தொடங்குகிற காலையில் அண்ணனும் தம்பியும் ஒரே மரத்தடியில் உட்காராத வருஷம் கிடையாது. நான் தடுத்திருக்க வேண்டும். கொஞ்சம் புத்தி வரட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன், பாவி.

ஆர்லன் சும்மா இருப்பாரா? அப்பாவின் ரைஃபிள் குழலுக்குள்ளும் கம்பியை விட்டார். விட்டவர் போன் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். போய்ப் பார்த்தால், அதில் இன்னும் மோசமான வெடிப்பு. அதே துப்பாக்கியால்தான் டுவைட் வருஷம் தவறாமல் எங்கள் குளிர்பெட்டியையும் மான்கறியால் நிரப்பினான். மறுநாள் பின்வயலில் குறிக்குத் தாளைக் கட்டிச் சுட்டார். மூன்று குண்டும் ஒரு நாணயத்தால் மூடுகிற இடத்தில் விழுந்தன. கெட்டுப்போனதாகச் சொன்ன தன் ரைஃபிளையும் எடுத்துச் சுட்டார். அதுவும் அப்படியே.

"செத்த குழல் எந்திரிச்சு உக்காந்திருச்சா, டாக்டரே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? கேமரா வந்த குஷியில் அதைச் செய்ய இவருக்கு நினைவில்லை. இவர் ரைஃபிளில் இருந்த வெடிப்பெல்லாம் இத்தனை வருஷம் இவரே சுட்டுச் சுட்டு விழுந்தது.

அப்பாவின் ரைஃபிளை எடுத்துக்கொண்டு டுவைட் வீட்டுக்குப் போனோம். அவன் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். ஆர்லன் வானிலையில் ஆரம்பித்தார். நான் முழங்கையால் இடித்தேன்.

"தப்பு என்னோடதுடா," என்றார். "எந்தப் பழைய குழல்ல கேமராவ விட்டாலும் அப்படித்தான் தெரியும். நீ ஒண்ணும் கெடுக்கல. ஞாயித்துக்கெழம அதே மேஜைல எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

கத்துவான், விரட்டுவான் என்று நினைத்தேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தோம். அவன் விறகுக் கட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

வயோமிங்கில் எத்தனை முறைதான் சுட்டாய் என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ, அண்ணி. ஒண்ணு தாளுக்கு, ஒண்ணு மானுக்கு."

"ரெண்டே குண்டா? அப்புறம் ஏன்டா அன்னைக்கு வாயத் தொறக்கல?"

"அண்ணன் பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்," என்றான். "ரெண்டு குண்டுல எப்படிக் கெடுத்தோம்னுதான் தெனமும் யோசிச்சிட்டிருந்தேன்."

ஆர்லன் குனிந்து அப்பாவின் ரைஃபிளை அவன் மடியில் வைத்தார். என்னால் ரெண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வண்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.